வூகாமர்ஸ் கடையை சொந்த விபிஎஸ்-க்கு மாற்றிவிட்டோம். தீபாவளி ஆர்டருக்கு முன் சர்வரில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி: காரைக்குடியில் அப்பத்தாவும் அம்மாவும் போடும் தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம், அதிரசத்தை சென்னையிலிருந்து சிங்கப்பூர், மலேசியா வரை அனுப்புகிறோம். ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிரும் சர்வர்) தாங்கவில்லை என்று 2 ஜிபி ராம், 40 ஜிபி டிஸ்க் உள்ள விபிஎஸ்-க்கு, அதாவது நாமே நிர்வகிக்கும் வாடகை சர்வருக்கு, மாறினோம். உபுண்டு 24.04 (ஓஎஸ்), என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), மைஎஸ்க்யூஎல் 8 (டேட்டாபேஸ்), வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் (கடை பிளக்இன்). ஃபயர்வால், எஸ்எஸ்எல், பேக்கப் எல்லாம் வீடியோ பார்த்துப் போட்டாயிற்று. இது போதுமா? வெளிநாட்டு ஐபிகளை மொத்தமாக பிளாக் செய்யச் சொல்கிறார்களே, செய்யலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வேண்டாம், செய்யாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கடல் தாண்டி இருக்கும் சொந்தபந்தம். அதுபோக, இலவச எஸ்எஸ்எல் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், சான்றிதழ் தரும்போது உலகின் பல இடங்களிலிருந்து உங்கள் சர்வரைத் தட்டிப் பார்க்கிறது. இந்தியாவைத் தவிர மற்றதை அடைத்துவிட்டால் சான்றிதழ் புதுப்பிப்பு சத்தமில்லாமல் தோற்கும். பேமெண்ட் கேட்வேயின் வெப்ஹுக் அழைப்பும் (பணம் வந்ததை உங்கள் சர்வருக்குத் தெரிவிப்பது) சில நேரம் மாட்டிக்கொள்ளும். அப்போது பணம் போயிருக்கும், ஆர்டர் மட்டும் 'பெண்டிங் பேமெண்ட்' என்றே நிற்கும்.

இனி, போட்டது போதுமா என்ற கேள்வி. சர்வரில் அடி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கோப்பில் ஒன்று எழுதியிருக்கும், ஓடுவது வேறாக இருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச்-சிலிருந்து தொடங்குங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஈடி25519 வகைக் கீ ஒன்றை உருவாக்கி, அதற்கு பாஸ்ஃப்ரேஸும் வைத்து, ரூட் (முழு அதிகாரம் உள்ள கணக்கு) அல்லாத ஒரு பயனர் வழியாக நுழையப் பழகுங்கள். பிறகு பாஸ்வேர்டு நுழைவையும் ரூட் நுழைவையும் நிறுத்த வேண்டும். வீடியோக்களில் சொல்வது, எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் கோப்பைத் திறந்து 'பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன்' வரியில் 'நோ' என்று மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. உபுண்டுவில் இது பல சமயம் பலிக்காது. அந்தக் கோப்பின் தலையிலேயே ஒரு 'இன்க்ளூட்' வரி இருக்கிறது. பெயர் 'டாட் டி' என்று முடியும் ஃபோல்டரில் உள்ள கோப்புகளை அது முதலில் படிக்கும். எஸ்எஸ்ஹெச்-சில் ஒரு அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் வந்ததுதான் செல்லும். அந்த ஃபோல்டரில் '50-கிளவுட்-இனிட்' என்ற கோப்பு இருந்து, அதில் 'யெஸ்' என்று இருந்தால், கீழே நீங்கள் எழுதிய 'நோ' வெறும் எழுத்துதான். அதே ஃபோல்டரில் 01 என்று தொடங்கும் புதுக் கோப்பு ஒன்று வைத்து அதில் உங்கள் வரிகளை எழுதுங்கள். எண் வரிசைப்படி அது முன்னால் படிக்கப்படும். 'கேபிடி இன்டராக்டிவ் ஆத்தென்டிகேஷன்' வரியையும் அதிலேயே 'நோ' ஆக்குங்கள்.

சோதிக்க, 'சூடோ எஸ்எஸ்ஹெச்டி' என்று தட்டி இடைவெளி விட்டு ஹைஃபன், பெரிய எழுத்து டி. எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்த பிறகு நிற்கும் மதிப்புகளை அது பட்டியலிடும். அதில் பாஸ்வேர்டு வரி 'நோ' என்று வந்தால், சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்தபின், நம்பலாம். இதையெல்லாம் செய்யும்போது திறந்திருக்கும் பழைய விண்டோவை மூடவே கூடாது. புது விண்டோவில் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை விட வேண்டும். போர்ட் (சர்வரின் கதவு) எண்ணை மாற்றுவதாக இருந்தால் 24.04-இல் இன்னொரு படி உண்டு: இங்கே எஸ்எஸ்ஹெச் சாக்கெட் (போர்ட்டைத் திறந்து காத்திருக்கும் தனி அமைப்பு) வழியாக ஓடுகிறது, ஆகவே 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு' கொடுத்து, எஸ்எஸ்ஹெச் சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் செய்தால்தான் புதுப் போர்ட் திறக்கும். மாற்றுவதால் லாக்கில் (பதிவுக் கோப்பில்) குப்பை குறையும், வேறு பெரிய லாபம் இல்லை. கீ மட்டுமே அனுமதி என்று ஆகிவிட்டால் வழக்கமான 22-லேயே விடலாம் என்பது என் கருத்து.

ஃபயர்வாலுக்கு வருவோம். செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முகப்பில் நின்று பார்த்தால் பின்வாசல் தெரியாது. சர்வரையும் உள்ளிருந்து பார்த்துவிட்டு 'யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் ஃபயர்வால்) ஆக்டிவ்' என்று திருப்திப்படாதீர்கள். போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, 'என்மேப்' கருவியால் உங்கள் ஐபியின் 65,535 போர்ட்களையும் வெளியிலிருந்து தட்டிப் பாருங்கள். 22 (எஸ்எஸ்ஹெச்), 80, 443 (இணையதளம்) மூன்று மட்டும் திறந்திருக்க வேண்டும். ஐபிவி6 முகவரி இருந்தால் அதையும் தனியாகத் தட்டுங்கள். மைஎஸ்க்யூஎல்-லின் 3306 அல்லது ரெடிஸின் (கேஷ் மென்பொருள்) 6379 தெரிந்தால் உடனே அடையுங்கள், அவை 127.0.0.1-இல், அதாவது சர்வருக்குள்ளேயே, மட்டும் கேட்க வேண்டியவை. டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) வைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை: டாக்கர் வெளியிடும் போர்ட் யூஎஃப்டபிள்யூ விதிகளைச் சுற்றிக்கொண்டு நேராக வெளியே திறந்துவிடும். ஸ்டேட்டஸில் 'டினை' என்றே காட்டும், கதவோ திறந்தே கிடக்கும். போர்ட்டை எழுதும் இடத்தில் முன்னால் 127.0.0.1 சேர்ப்பதுதான் வழி.

ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து வந்திருப்பதால் உங்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. அங்கே டாட் ஹெச்டிஅக்சஸ் (ஃபோல்டர்வாரியான வெப் சர்வர் விதிகள்) கோப்புகள் வேலை செய்திருக்கும். பாதுகாப்பு பிளக்இன்கள் போட்டுவைத்த பல தடைகள் அந்தக் கோப்புகளில்தான் இருக்கும். என்ஜின்எக்ஸ் அவற்றைப் படிப்பதே இல்லை. தளம் மாறிய அன்றே அந்தத் தடைகள் அத்தனையும் செத்துவிட்டன, ஆனால் எந்த எர்ரரும் வராது. இதில் மிக முக்கியமானது படங்கள் சேரும் 'அப்லோட்ஸ்' ஃபோல்டரில் பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) ஓடாமல் தடுப்பது. ஓட்டையுள்ள பிளக்இன் வழியாக வருபவன் படம் என்ற பெயரில் ஒரு பிஎச்பி கோப்பை அங்கே போட்டுவிட்டு, பிரவுசரில் அதைத் திறப்பான். அவ்வளவுதான், சர்வர் அவன் கையில்.

என்ஜின்எக்ஸில் அப்லோட்ஸுக்குள் இருக்கும் பிஎச்பி கோப்புகளுக்கு 'டினை ஆல்' சொல்லும் ஒரு 'லொகேஷன்' (முகவரிக்கான விதி) எழுதுங்கள். அதை எங்கே எழுதுகிறீர்கள் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ரெக்எக்ஸ் (எழுத்து வடிவம் பார்த்துப் பொருத்தும்) லொகேஷன்களை என்ஜின்எக்ஸ் மேலிருந்து கீழாகப் பார்க்கும், முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். பொதுவான பிஎச்பி லொகேஷனுக்குக் கீழே உங்கள் தடையை எழுதினால் அது ஒருநாளும் எட்டப்படாது. மேலே எழுதுங்கள். பிறகு ஒரு வரி மட்டும் உள்ள பிஎச்பி கோப்பை அப்லோட்ஸில் வைத்து பிரவுசரில் திறந்து பாருங்கள். 403 (அனுமதி இல்லை) வந்தால் சரி. அந்த வரி ஓடிவிட்டால் இடம் தவறு. சோதனை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள். எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (வெளி ஆப்கள் வேர்ட்பிரஸுடன் பேசும் பழைய வழி) தேவையில்லை என்றால் அதையும் அங்கேயே அடைக்கலாம்.

அனுமதிகள்: ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644, டபிள்யூபி-கான்ஃபிக்குக்கு 640. 777 (யாரும் எழுதலாம்) எந்தச் சூழலிலும் வேண்டாம். மாற்றும்போது எடுத்த எஸ்க்யூஎல் டம்ப் (டேட்டாபேஸ் நகல்), ஜிப் ஏதும் வெப் ரூட்டில் (தளத்தின் ஃபோல்டரில்) கிடக்கிறதா என்று பாருங்கள். பேக்கப் டாட் ஜிப் போன்ற பெயர்களை பாட்கள் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டிய 'தீம்' (தளத்தின் வடிவமைப்பு) ஒன்றை யாரோ சும்மா கொடுத்தார்கள் என்றால் இன்றே தூக்கி எறியுங்கள், அதோடு பின்கதவும் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்டேட். உபுண்டுவில் 'அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ்' பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகப் போடும். ஆனால் உபுண்டுவின் சொந்தக் களஞ்சியங்களுக்கு மட்டும்தான். புது பிஎச்பி வேண்டும் என்று வெளியிலிருந்து பிபிஏ (தனியார் களஞ்சியம்) சேர்த்திருந்தால், அது தானாக வராது, அமைப்பில் அதையும் சேர்க்க வேண்டும். 24.04-உடன் வரும் பிஎச்பி 8.3 உங்கள் கடைக்குப் போதும். கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) அப்டேட் வந்தாலும் ரீபூட் செய்யும் வரை பழைய கெர்னல்தான் ஓடும், 'சிஸ்டம் ரீஸ்டார்ட் ரிக்வயர்டு' என்று லாகின் செய்யும்போது காட்டும். கையால் அப்கிரேட் செய்யும்போது எப்போதும் டீமக்ஸுக்குள் (இணைப்பு போனாலும் வேலையைத் தொடரும் கருவி) செய்யுங்கள். மதியம் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் நடுவில் அறுந்துபோகாது.

சான்றிதழ் 90 நாள். முடியப்போகிறது என்று லெட்ஸ் என்க்ரிப்ட் அனுப்பிவந்த மின்னஞ்சல்கள் 2025 ஜூனில் நின்றுவிட்டன, யாரும் எழுப்ப மாட்டார்கள். சான்றிதழ் எடுக்கும் கருவியான செர்ட்பாட்டின் 'செர்ட்பாட் ரெனியூ' கட்டளையோடு 'டிரை-ரன்' (ஒத்திகை) சேர்த்து ஓட்டிப் பாருங்கள். இன்னொரு மறைவான கோளாறும் உண்டு: 'செர்ட்ஒன்லி' முறையில் எடுத்திருந்தால் டிஸ்க்கில் புதுச் சான்றிதழ் வந்துவிடும், என்ஜின்எக்ஸ் நினைவில் பழையது இருக்கும். புதுப்பித்ததும் என்ஜின்எக்ஸை ரீலோடு செய்யும் 'டிப்ளாய் ஹுக்' ஒன்று அவசியம். 2029 மார்ச் 15 முதல் எந்தச் சான்றிதழும் 47 நாளைத் தாண்டக்கூடாது என்று தீர்மானமாகிவிட்டதால், இதைக் கையால் செய்யும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

இனி தீபாவளி நெரிசல். பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்-மில் 'மேக்ஸ் சில்ட்ரன்' (ஒரே நேரத்தில் ஓடும் ப்ராசஸ்களின் உச்ச எண்ணிக்கை) உபுண்டுவில் 5 என்றுதான் வரும். ஆறாவது ஆள் வரிசையில் நிற்பார், கூட்டம் கூடினால் 504 (நேரம் கடந்துவிட்டது) எர்ரர் வரும். அதைப் பார்த்துப் பதறி 50 ஆக்குவார்கள். அப்போது ராம் தீர்ந்து, கெர்னல் கைக்குப் பெரியதாக அகப்படும் மைஎஸ்க்யூஎல்-ஐக் கொல்லும், தளம் மொத்தமாகப் படுக்கும். கணக்கு இப்படி: 2048 எம்பியில் ஓஎஸ், என்ஜின்எக்ஸுக்கு 400, மைஎஸ்க்யூஎல்-லுக்கு 500 விட்டால் மீதி ஏறக்குறைய 1100. வூகாமர்ஸ் ப்ராசஸ் ஒன்று 80 எம்பி எடுத்தால் 13 வரை தாங்கும். 12 வையுங்கள். 80 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் 'ஹெச்டாப்' கருவியில் உங்களுடையதைப் பாருங்கள். 2 ஜிபி ஸ்வாப்பும் (ராம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) போட்டுவையுங்கள். பேஜ் கேஷ் (தயாரான பக்கத்தைச் சேமித்து எல்லோருக்கும் காட்டுவது) வைத்தால் கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்றையும் கண்டிப்பாக விலக்குங்கள். இல்லாவிட்டால் கோலாலம்பூர் ஆச்சியின் முகவரி தேவகோட்டை வாடிக்கையாளருக்குத் தெரியும்.

டிஸ்க்கைத் தின்பது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் 8-இன் பைனரி லாக் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவு). தானாகவே ஆன் ஆகியிருக்கும், 30 நாள் சேர்க்கும். 40 ஜிபிக்கு அது அதிகம். ரெப்ளிகேஷன் (இன்னொரு சர்வரில் உடனுக்குடன் நகல்) இல்லாத உங்களுக்கு 3 நாள், அதாவது 2,59,200 விநாடி போதும்.

ஃபெயில்2பேன் (தவறாக நுழைய முயலும் ஐபியைத் தடுக்கும் கருவி) வையுங்கள், ஆனால் வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கமான டபிள்யூபி-லாகினுக்குத் தடை நேரத்தை நாள்கணக்கில் வைக்காதீர்கள். நம் மொபைல் நெட்வொர்க்குகளில் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் ஏராளமான பேர் இருப்பார்கள். ஒருவனை அடைத்தால் உங்கள் வாடிக்கையாளரும் சேர்ந்து அடைபடுவார். ஒரு மணி நேரம் போதும்.

பேக்கப்தான் எனக்கு மிகவும் கவலை தரும் இடம். அதே விபிஎஸ்ஸில் இருப்பது பேக்கப் ஆகாது. வெளி ஸ்டோரேஜுக்கு அனுப்பினாலும், சர்வரில் இருக்கும் கீ அங்கே போய் அழிக்கவும் முடியும் என்றால், நுழைந்தவன் அதையும் அழிப்பான். வேறொரு கணினியிலிருந்து சர்வருக்குள் வந்து இழுத்துக்கொள்ளும்படி வையுங்கள், அல்லது எழுத மட்டும் முடிந்து அழிக்க முடியாத அனுமதி கொடுங்கள். மைஎஸ்க்யூஎல் டம்ப்புக்கு 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' சேர்த்தால் கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே டேபிள்களைப் பூட்டாமல் எடுக்கலாம். சீசனில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுங்கள். ஆர்டர் போய்விட்டால் யாருக்கு எத்தனை கிலோ அனுப்ப வேண்டும் என்பதே தெரியாது.

எடுத்ததைத் திரும்ப வைத்துப் பாருங்கள். சின்ன விபிஎஸ் ஒன்றை சில மணி நேரத்துக்கு எடுத்து, பேக்கப்பை இறக்கி, கடைசி ஆர்டர் எண் பொருந்துகிறதா, படங்கள் வருகின்றனவா என்று பாருங்கள், எத்தனை நிமிடம் பிடித்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அந்தச் சோதனை சர்வரிலிருந்து வெளியே போகும் 25, 465, 587 போர்ட்களை அடைத்துவிடுங்கள், மெயிலை ஏபிஐ வழியாக அனுப்பும் பிளக்இன் இருந்தால் அதன் கீயையும் எடுத்துவிடுங்கள். வூகாமர்ஸின் திட்டமிட்ட வேலைகள் அந்த நகலிலும் ஓடும், நிஜ வாடிக்கையாளர்களுக்கு நிஜமாகவே மெயில் போய்விடும்.

லாக். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் லாக் 14 நாளில் அழியும், எஸ்எஸ்ஹெச் நுழைவுகள் பதிவாகும் ஆத் லாக் 4 வாரத்தில் அழியும். பழைய லாக்குகளை அழிக்கும் லாக்ரொட்டேட்டில் முதலாவதை 180, வாரக் கணக்கில் உள்ள இரண்டாவதை 27 ஆக்குங்கள். சட்டத்தை விடுங்கள், எப்போது எந்த வழியாக நுழைந்தான் என்று தெரியாமல் சர்வரைச் சரிசெய்யவே முடியாது.

ஒருவேளை சிபியு காரணமில்லாமல் 100 சதவீதத்தில் நின்றாலோ, கூகுளில் உங்கள் கடை பெயரில் சூதாட்டப் பக்கங்கள் வந்தாலோ, அந்த சர்வரைச் சுத்தம் செய்ய முயலாதீர்கள். ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, புது சர்வரில், புதிதாக இறக்கிய வேர்ட்பிரஸ், பிளக்இன்களோடு தொடங்குங்கள். பழையதிலிருந்து டேட்டாபேஸும் படங்களும் மட்டும் வரட்டும். டேட்டாபேஸில் தெரியாத அட்மின் இருக்கிறாரா, அப்லோட்ஸில் பிஎச்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். எஸ்எஸ்ஹெச் கீ, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, வேர்ட்பிரஸ் சால்ட் (லாகினைக் காக்கும் ரகசிய எழுத்துகள்), பேமெண்ட் கேட்வேயின் சீக்ரெட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கேட்வே சீக்ரெட்டைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று: டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று ரெஜிஸ்ட்ரார் (டொமைன் விற்ற நிறுவனம்) கணக்கில் பாருங்கள். தளம் செய்து கொடுத்தவரின் மெயிலில் இருந்தால், அவரிடம் நயமாகச் சொல்லி உங்கள் பெயருக்கு மாற்றி, இருபடி சரிபார்ப்பும் ஆட்டோ ரினியூவலும் போடுங்கள். அந்தக் கணக்கின் ரெக்கவரி கோடுகளையும் விபிஎஸ் கன்சோலுக்கான பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி வீட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். போன் தொலைந்த அன்று அந்தத் தாளை வைத்துத்தான் உள்ளே போக முடியும்.