பழைய பெட்ரோல் பங்க் அருகே வீடு: மண்ணிலும் வீட்டிலும் பென்சீன் ஆவியைச் சோதிப்பது எப்படி?

மதுரைப் புறநகரில், முன்பு பெட்ரோல் பங்க் இருந்த இடத்தை ஒட்டிய வீட்டை வாங்குமுன், பெட்ரோலில் உள்ள நச்சுப்பொருளான பென்சீனின் ஆவி அங்கே இருக்கிறதா என்று அறிய என்ன சோதனை செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக் காற்றை மட்டும் சோதித்தால் குழப்பமே மிஞ்சும். புதுப் பெயின்ட்டும், நடையில் நிறுத்திய மோட்டார் சைக்கிளும்கூட அதே வகை ஆவிகளை வெளியிடும். ஆகவே சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு மெல்லிய குழாயை இறக்கி, மேல்காற்று கலந்துவிடாதபடி அதன் வாயைக் களிமண்ணால் இறுக அடைத்து மண்ணிடுக்குக் காற்றை (மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றை) எடுப்பதோடு, அதே நாளில் வெற்றிடமாக்கிய எஃகுக் கலன்களில் வீட்டுக் காற்றையும் தெருக்காற்றையும் 24 மணி நேரம் மெதுவாகச் சேகரித்து, மூன்றையும் ஒப்பிட வேண்டும். ஐப்பசி அடைமழையை ஒட்டி மண்ணில் மாதிரி எடுக்காதீர்கள். நீர் நிறைந்த மண்ணில் ஆவி நகராது. பென்சீனுக்கு இந்திய வெளிக்காற்றுத் தரம், ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். வீட்டுக்கென வகுத்ததன்று, எனினும் ஒப்பிட உதவும். மூக்கை நம்ப வேண்டாம்: வாடை தெரியும் அளவு இதைவிடப் பன்மடங்கு அதிகம்.