பாரலாச்சாவுக்கு முன்பே முடிவெடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: மணாலி – லே சைக்கிள் பயணம்

கேள்வி: செப்டம்பர் முதல் வாரத்தில் நண்பர்கள் மூன்று பேர் மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போகிறோம். எட்டு நாளில் முடிக்கத் திட்டம். ஜிஸ்பாவில் கிளம்பினால் அன்றே சார்ச்சு போய்விடலாம் என்கிறார்கள். உயரத்தால் வரும் நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போதாது. எட்டு நாள் கணக்கையே மாற்றுங்கள். ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர் உயரம், சார்ச்சு சுமார் 4,290. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிப் படுப்பது உடம்புக்கு ஆகாது. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவில் தூங்கும் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, தங்கிய இடத்திலேயே இன்னொரு இரவும் தங்க வேண்டும்.

இந்தச் சாலையில் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மலையில் நோய் வந்தால் மருந்தே கீழே இறங்குவதுதான். சார்ச்சுவில் அது முடியாது. பின்னால் திரும்பினால் சுமார் 4,890 மீட்டரில் பாரலாச்சா கணவாய். முன்னால் போனால் கட்டா என்னும் கொண்டை ஊசி வளைவுகள் இருபத்தொன்றும் ஏறி நக்கீ லா (லா என்றால் கணவாய்), அதற்கப்பால் 5,065 மீட்டரில் லாச்சுலுங் லா. எந்தப் பக்கம் போனாலும், இறங்குவதற்கு முன் ஏறியாக வேண்டும். நள்ளிரவில் நண்பருக்கு மூச்சுத்திணறினால், வண்டி கிடைத்தாலும் அவரை இன்னும் உயரத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதனால் போவதா திரும்புவதா என்பதை பாரலாச்சா ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கேலாங்கில் இரண்டு இரவு, ஜிஸ்பாவில் ஒன்று, சுமார் 3,800 மீட்டரிலுள்ள பட்சியோவில் முடிந்தால் இரண்டு (ஏற்றம் 500-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது), பிறகு பாரலாச்சா ஏற்றத்துக்கு முன்னால் உள்ள ஜிங்ஜிங்பாரில் ஒன்று. இப்படிப் போனால் சார்ச்சுவில் படுப்பது உடம்புக்குப் புதிதாக இராது. மொத்தம் பன்னிரண்டு நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். லேயிலிருந்து திரும்பும் விமான டிக்கெட்டை அதற்கும் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். டிக்கெட் தேதிக்குப் பயந்து தலைவலியோடு ஏறுபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜிங்ஜிங்பாரில் காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தால் அன்று ஏறக்கூடாது. ஒரு நாள் ஓய்வில் தெளிந்தால் சரி. கூடினால் ஜிஸ்பாவுக்குத் திரும்புங்கள். அதே காலையில், ஒரு கால் குதிகாலை மறு கால் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால், இருமலில் நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். இரண்டிலும் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே வண்டி பிடித்து இறக்குங்கள். ஆக்ஸிஜன் இருந்தால் கொடுங்கள், ஆனால் அதை நம்பி அங்கேயே தங்கிவிடாதீர்கள்.

அசெட்டசோலமைடு மாத்திரையைத் தடுப்புக்காக 125 மில்லிகிராம் வீதம் காலை, மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து கொடுப்பது வழக்கம். டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும், குறிப்பாக சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள். விரல் நுனியில் சுருசுருவென்று இருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா சப்பென்று இருக்கும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். மாத்திரை உடம்பு பழகுவதற்குத் துணை செய்யும். பழக வேண்டிய நாட்களுக்கு ஈடாகாது.

ஒரு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்காக. தினம் இரண்டு மூன்று டம்ளர் ஃபில்டர் காபி குடித்துப் பழகியவர் மலையில் அதைச் சட்டென்று நிறுத்தினால், மறுநாளே தலையைப் பிளக்கும். அது உயரத்தால் வந்ததா, காபியால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போகும். இன்ஸ்டன்ட் காபிப் பொட்டலங்களை எடுத்துப்போய் வழக்கமான அளவைத் தொடருங்கள். கூடாரத்துக்குள் அடுப்பெரித்தாலோ, புகைபோக்கி சரியில்லாத புகாரி (அறையைச் சூடாக்கும் அடுப்பு) பக்கத்தில் தூங்கினாலோ வரும் தலைவலியும் இதே மாதிரிதான் இருக்கும். அது கார்பன் மோனாக்சைடு, ஆளைக் கொல்லும். வெளிக்காற்றுக்கு வந்ததும் பக்கத்தில் படுத்த எல்லோருக்கும் தலைவலி குறைகிறதென்றால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: ஏறும்போது வியர்த்துக் கொட்டுகிறது, இறங்கும்போது நடுங்குகிறது. எத்தனை சட்டை போடுவது?
– வாசகர், மதுரை

பதில்: எத்தனை என்பதைவிட எப்போது மாற்றுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். காற்று பூஜ்யம் டிகிரியில் இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 7 டிகிரி மாதிரி உறைக்கும். உள்ளே வியர்வையில் நனைந்த பனியனும் இருந்தால் உடம்புச் சூட்டை அது உறிஞ்சிவிடும். இறக்கத்தில் மிதிக்கும் வேலையும் இல்லாததால், இழந்த சூடு திரும்ப வராது.

ஏற்றத்தில் லேசாகக் குளிர்கிற அளவுக்கு மட்டும் உடுத்துங்கள். கணவாய் உச்சிக்கு ஐம்பது அடி முன்னால், காற்று மறைவில் நின்று, நனைந்த பனியனைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைப் போடுங்கள். பருத்தி வேண்டாம்; மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர். அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். ஜாக்கெட்டுக்குள் நெஞ்சுப் பக்கம் நாலைந்து தாள் செய்தித்தாளைச் செருகினால் அருமையாகக் காற்றைத் தடுக்கும். இந்த மாற்று உடை பேனியர் பையின் (சைக்கிளின் பக்கவாட்டில் தொங்கும் பை) அடியில் கிடந்தால் எடுக்கச் சோம்பல் வரும். எப்போதும் மேலே இருக்கட்டும். ஃபோட்டோவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும். ஒரு சைஸ் பெரிய ஷூ எடுங்கள். சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி அணிவது இறக்கத்துக்கு மட்டும் நல்லது. ஏற்றத்தில் உள்ளேயே வேர்த்து நனைந்துவிடும். கைவிரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், அக்குளுக்குள் வைத்துச் சூடாக்குங்கள்.

கேள்வி: மூன்று நாளாக இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகின்றன. குளிர்தானா?
– வாசகர், சேலம்

பதில்: குளிர் என்றால் எல்லா விரல் நுனியும் மரக்கும், சூடு பட்டால் சரியாகிவிடும். இந்த இரண்டு விரல் மட்டும், அதுவும் சூட்டிலும் மாறாமல் இருந்தால், உள்ளங்கை ஓரத்தில் ஓடும் அல்நார் நரம்பு ஹாண்டில்பாரில் நசுங்குகிறது. ஹாண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சீட்டின் முன்முனை கீழே சாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பின் பாரம் முழுக்கக் கைக்கு வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். பிரேக் பிடிக்கவே விரலில் வலு இல்லையென்றால் இறக்கத்தில் இறங்காதீர்கள்.

கேள்வி: வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது? வாட்டர் ஃபில்டர் இருந்தால் போதுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நுண்குழல் வகை ஃபில்டர் ஒருமுறை உறைந்தாலே உள்ளே இழைகள் விரிசல் விட்டுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியோடு வரும். இரவில் நீரை உதறிவிட்டு, பையில் கட்டி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு தூங்குங்கள். போன், பவர் பேங்க் இரண்டுக்கும் அதுவே இடம். சார்ச்சு உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதிக்கும். அந்தச் சூட்டிலும் கிருமி சாகும், ஆனால் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். குளோரின் மாத்திரை குளிர்ந்த நீரில் மெதுவாக வேலை செய்யும், கூடுதல் நேரம் கொடுங்கள்.

வயிறு கெட்டுவிட்டால் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் அச்சிட்ட அளவு நீரில், பெரிய பாக்கெட்டென்றால் ஒரு லிட்டரில், முழுவதுமாகக் கரையுங்கள். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலை தட்டி. போக்கை நிறுத்தும் லோபெரமைடை, காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது தொடவே கூடாது. அப்போது போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு: பாரலாச்சாவுக்கு மணாலிப் பக்கம் என்றால் கேலாங், லேவுக்கு முன்னாலுள்ள டங்லங் லா கணவாயைத் தாண்டிவிட்டால் லே.

கேள்வி: சளி பிடித்தால் ஓட்டலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: மூக்கு ஒழுகல், தும்மல் மட்டும் என்றால் பாதி தூரம், மெதுவாக. காய்ச்சலோ, உடம்புவலியோ, நெஞ்சுச்சளியோ இருந்தால் ஒரு மிதி கூட வேண்டாம். காய்ச்சலோடு உழைத்தால் இதயத் தசை அழற்சி வரை போகலாம். பாராசிட்டமால் போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு, முதல் நாள் சமதளத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.