வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு மாரிக் கிழமை: டீச்சரிடம் கேட்டவை

கார்த்திகை பிறந்துவிட்டால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீட்டின் நேரசூசியை மழைதான் போடுகிறது. பள்ளிக்கூடம், ரியூசன், வட்டை (வயல்) வேலை, விரதம், பரீட்சை எல்லாம் ஒரே கிழமைக்குள் வந்து முட்டும். மனைப்பொருளியல் படிப்பித்து இளைப்பாறிய ஆள் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, தெரிந்ததைச் சொல்கிறேன்.

"மூன்று பேர் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆளுக்கு இரண்டு சோடி வெள்ளை உடுப்புத்தான். வெயிலே இல்லை. காய்ந்த மாதிரி இருக்கும், போட்டதும் நாறுகிறது. என்ன செய்ய டீச்சர்?" (களுவாஞ்சிக்குடி, தாய்)

மாரியில் அதிகம் வரும் கேள்வி இதுதான், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். சவர்க்காரம் போதாததால் நாறுவதில்லை. துணி மெதுவாகக் காய்வதால்தான் நாறுகிறது. ஈரம் மணிக்கணக்காக நின்றால் துணியில் மிஞ்சிய பக்டீரியா பெருகிவிடும். அதனால் நேரத்தோடுதான் போட்டி. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு சட்டையைத் துவைத்துவிட வேண்டும். இரவு வரை வாளியில் கிடந்தால் பிறகு எதைப் போட்டும் அந்த மணம் போகாது.

பிழிந்த பிறகு காய்ந்த துவாய் ஒன்றை விரித்து, அதன்மேல் சட்டையைப் போட்டு, பாயைச் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். துவாய் நனைந்துவிடும், சட்டை பாதி காய்ந்துவிடும். அப்புறம் கொடியில் மடித்துப் போடாமல் ஹாங்கரில் கொழுவுங்கள். கடைசியாகக் காய்வது கொலரும் கைக்கட்டும், அக்குளும்தான். கொலரை நிமிர்த்திவிடுங்கள், பொத்தான் பூட்ட வேண்டாம். சட்டைக்குச் சட்டை ஒரு சாண் இடைவெளி விட்டு, மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் ஈரம் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் உட்பக்கம் திருப்பி, தையலின்மேல் அயன் பண்ணுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு அயனைத் தொடவே கூடாது.

சப்பாத்துக்குள் கடதாசி திணியுங்கள், ஒரு மணித்தியாலத்தில் அது நனைந்துவிடும், எடுத்துவிட்டு வேறு திணியுங்கள். அடுப்படியில் வைத்துக் காய்ச்சினால் அடி கழன்றுவிடும். மேசு (காலுறை) மட்டும் ஆளுக்கு நாலு சோடி இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் காசு செலவழிப்பதென்றால் அதற்குச் செலவழியுங்கள்.

இன்னொன்று. இதையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் சட்டையைத் துவைத்து, சுருட்டி, கொழுவ முடியும். "கொஞ்சம் உதவி செய்" என்று கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் நழுவிவிடுவார்கள். "உன் உடுப்பு உன் பொறுப்பு" என்று முழு வேலையையும் கொடுத்துவிட்டால், இரண்டு நாள் ஈரச் சட்டையோடு போய்விட்டு மூன்றாம் நாள் தானாகவே செய்வார்கள். அந்த இரண்டு நாளும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் தாய்க்குக் கஷ்டமான வேலை.

"டீச்சர், எனக்குப் பதினைந்து வயது. மழை என்றால் அம்மா எல்லா வேலையையும் என்னிடம்தான் தருவா. தம்பிக்குப் பதின்மூன்று. அவன் போனோடு கட்டிலில். கேட்டால் 'அவன் ஆம்பிளப் பிள்ளை' என்கிறா." (செங்கலடி, மாணவி)

மகள், இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். தேங்காய் திருவுவதற்கும் மேசு துவைப்பதற்கும் மீசை தடையில்லை. சண்டை பிடித்தால் "வாய் காட்டுகிறாள்" என்று முடிந்துவிடும். ஒரு தாளில் அன்றாடம் நடக்கும் வேலைகளை எழுதி, யார் செய்கிறார்கள் என்று பக்கத்தில் பெயர் போட்டு, ஒன்றும் சொல்லாமல் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் பெயரும் அம்மாவின் பெயரும்தான் வரிசையாக இருக்கும். அம்மாவுக்கே அது பொறுக்காது. தம்பிக்கு முதலில் கொடுக்கக் கூடியவை: இரவு கோப்பை கழுவுவது, குடிக்கிற தண்ணீர் கொதிக்க வைத்து ஆறவைத்துப் போத்தலில் நிரப்புவது. வெள்ளக் காலத்தில் கிணறு கலங்கும், ஆகவே இரண்டாவது சும்மா வேலை இல்லை. தண்ணீர் நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

"மகனுக்கு 17. இரவு ஒரு மணிக்குத்தான் படுக்கிறான். காலையில் எழுப்ப மூன்று பேர் வேண்டும். மழைக்குளிரில் இன்னும் மோசம். சோம்பேறியாகிவிட்டானோ?" (அக்கரைப்பற்று, தந்தை)

சோம்பல் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இந்த வயதில் உறக்கத்தைத் தரும் மெலற்றொனின் சுரக்கும் நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பத்து மணிக்கு அவனுக்கு உண்மையாகவே நித்திரை வராது. ஆனால் தேவை குறைவதில்லை, பதினெட்டு வயது வரை எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் வேண்டும். பள்ளிக்கூடம் ஏழரைக்கு என்றால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிகிறதுதானே?

திருத்தக் கூடியது வெளிச்சம். மார்கழியில் இருட்டும் மப்பும் சேர்ந்து காலை ஆறரை வரை விடியாத மாதிரியே இருக்கும். எழுப்பக் கத்துவதைவிட அறை விளக்கைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இரவில் போன் ஹோலில் சார்ஜ் ஏறட்டும். உங்கள் போனும் சேர்த்துத்தான், வாப்பாவின் போன் கட்டிலில் என்றால் மகன் கேட்கமாட்டான். பின்னேரம் தூங்கினால் அரை மணித்தியாலத்தில் எழுப்பிவிடுங்கள். இரவு படிக்கிறான் என்று ஒன்பது மணிக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுக்கிற பழக்கத்தை விடுங்கள்.

"மகனுக்கு 14. சனி ஞாயிறு என்னோடு வட்டைக்கு வந்தவன். செவ்வாயிலிருந்து காய்ச்சல், உடம்பு முழுக்க நோ. கடையில் நோக் குளிசை ஒன்று தந்தார்கள். கொடுக்கலாமா?" (வெல்லாவெளி, தந்தை)

தம்பி, அதைக் கொடுக்க வேண்டாம். மழைக்காலக் காய்ச்சல் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிற்றமோல் மட்டும்தான். இபுபுரோபன், டைக்ளோபினாக், அஸ்பிரின் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். 40 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்று, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை. காய்ச்சல் விடவில்லை என்று கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் இன்று வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். காட்டும்போது "வயல் தண்ணீரில் நின்றவன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் வரும், காலில் சிறு வெட்டு இருந்தால் போதும். கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது அதன் அடையாளங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று பார்த்து வையுங்கள். டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம், "காய்ச்சல் விட்டுட்டு" என்று பள்ளிக்கூடம் அனுப்பாதீர்கள். வயிற்று நோ, விடாத வாந்தி, கை கால் குளிர்வது, பல்முரசில் இரத்தம் கசிவது, இவற்றில் ஒன்று கண்டாலும் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். குடிக்க இளநீர், கஞ்சி, ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்) கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானம் வேண்டாம், வாந்தியில் இரத்தம் வந்தால் தெரியாமல் போகும்.

சுகமான பிறகு, வட்டைக்கு இறங்குகிறவர்களுக்கான எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்தைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். பிள்ளைக்குப் பொருந்துமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

"மகளுக்குக் கிழமையில் ஒன்பது ரியூசன். வாப்பா வேளாண்மைக்காரர், வயல் வாடியில். மழையில் கொண்டுபோய் விட ஆளில்லை. நிறுத்தினால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயம்." (நிந்தவூர், உம்மா)

ஒன்பதும் வேண்டாம், தங்கச்சி. மகளையே கூப்பிட்டு, "இதில் எந்த வகுப்பில் உனக்கு உண்மையாக விளங்குகிறது?" என்று கேளுங்கள். அநேகமாக நாலைந்துதான் வரும். மிச்சத்தைத் தை வரை நிறுத்தி வைக்கலாம். தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே வகுப்புக்குப் போவார்கள், அவர்களோடு சேர்ந்து தெரிந்த ஓட்டோ ஒன்றை மாதக் கணக்கில் பேசுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில், மதரசா விட்டு வந்த பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அரை அடித் தண்ணீர் வேகமாக ஓடினாலே வளர்ந்த ஆளைச் சரித்துவிடும். வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் திரும்பிவிட வேண்டும், அல்லது அந்தப் பக்கத்திலேயே தெரிந்த வீட்டில் தங்க வேண்டும். எந்த வீடு என்பதை மழைக்கு முன்பே பேசி வையுங்கள். "வகுப்பைத் தவறவிட்டதற்கு ஏசமாட்டேன்" என்று வாயால் சொல்லியும் விடுங்கள். ஏச்சுக்குப் பயந்துதான் பிள்ளைகள் தண்ணீரில் இறங்குகிறார்கள். வெள்ள நிலைமை கேட்க 117.

"பின்னேரம் நாலு மணிக்கு மூன்று பேருக்கும் அகோரப் பசி. கடல் கொந்தளிப்பில் மீன் வாங்க முடியாது. ஒவ்வொரு நாளும் பிஸ்கட்தான்." (வாழைச்சேனை, தாய்)

கடலை அல்லது பயறு முதல்நாள் இரவே ஊறட்டும். அவித்துத் தேங்காய்ப்பூ போட்டால் காரியம் முடிந்தது. அவித்த கச்சான், குரக்கன் ரொட்டியோடு கட்டைச் சம்பல், மரவள்ளி, முட்டை எல்லாம் பிஸ்கட் பைக்கற்றைவிட வயிற்றில் நிற்கும். இரவுக்கு நெத்தலிக் கருவாடும் பருப்பும் போதும். பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து முக்கியம். கீரைக்கு எலுமிச்சம்புளி விடுங்கள், தேநீரைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள்.

"உயர்தரப் பரீட்சை நடுவில் மழையால் நின்றால் என்ன செய்வது? போனமுறை அண்ணன் அப்படியே போனுக்குள் போய்விட்டான்." (திருக்கோவில், மாணவன்)

நடக்கக் கூடியதுதான். 2024இல் நவம்பர் 25 தொடங்கிய பரீட்சையை 27ஆம் திகதி நிறுத்தி, டிசம்பர் 4தான் திரும்பத் தொடங்கினார்கள். நின்றால் எழும்பும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். பரீட்சை நடக்கும் அதே காலை நேரத்தில் கடந்தகால வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்துச் செய்யுங்கள். அதற்குப் பிறகு போன் பார்த்தால் பரவாயில்லை, கறன்ட் போனால் தானாகவே நிற்கும். அனுமதி அட்டை, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் பொலித்தீன் பையில் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள், கீழ் லாச்சியில் வேண்டாம்.

"மகன் கதைப்பதே இல்லை. கேட்டால் 'ஒண்டுமில்ல'. மழைக்கு நாள் முழுக்க அறைக்குள்." (கல்லடி, தாய்)

நேருக்கு நேர் இருத்திக் கேட்டால் எந்தப் பிள்ளையும் கதைக்காது. கறன்ட் இல்லாத இரவில், கச்சான் உடைத்துக்கொண்டு இருக்கும்போது கதைப்பார்கள். நீங்கள் அறிவுரை சொல்லாமல் இருந்தால் மட்டும்! ஆனால் சாப்பாடு, நித்திரை, கூட்டாளிமார் மூன்றும் இரண்டு கிழமைக்கு மேல் குறைந்தாலோ, சாவைப் பற்றிக் கதைத்தாலோ காத்திருக்காதீர்கள். 1926 மனநல இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

"மகள் திருவெம்பாவைக்கு விடிய நாலு மணிக்கு எழும்பிக் கோயிலுக்குப் போகிறாள். பிறகு வகுப்பில் தூங்குகிறாளாம். நிறுத்தட்டா?" (காரைதீவு, தாய்)

பத்து நாள்தானே, நிறுத்த வேண்டாம். இந்த வயதில் அவளாகவே எழும்பிப் போகிற ஒரே இடம் அது. அந்தப் பத்து நாளும் இரவு ரியூசனை விட்டு எட்டரைக்குப் படுக்கட்டும். தலை நனைந்து வந்தால் துடைத்துவிட்டு, சுடச்சுடக் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். குடை மட்டும் ஒவ்வொரு நாளும் கோயிலில் விட்டுவிட்டு வருவாள், அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.