வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: முதலில் வெயில், பிறகு தண்ணீர், அதன் பிறகே உணவு

கேள்வி: பழக்கமான ஒரு குடும்பத்தினர் இனி வளர்க்க இயலாது என்று கொடுத்த பியர்டட் டிராகன் எனப்படும் தாடி ஓணானை மூன்று நாட்களுக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐந்து வயது என்கிறார்கள். சிறிய கண்ணாடித் தொட்டியில், மணல்மேல், ஒரே ஒரு சிவப்பு பல்புக்குக் கீழே இத்தனை நாளும் இருந்திருக்கிறது. மீல்வார்ம் புழுவைத் தவிர வேறெதுவும் கொடுத்ததில்லையாம். சமையலறைத் தராசில் வைத்தால் 190 கிராம்தான் காட்டுகிறது. வாலின் அடிப்பகுதியில் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, கண்கள் குழிந்திருக்கின்றன, கீழ்த்தாடையைத் தொட்டால் ரப்பர் போல வளைகிறது. பட்டினி கிடந்த உயிராயிற்றே என்று வந்த அன்றே பதினைந்து புழுக்களை வைத்தேன், ஒன்றைக்கூடத் தொடவில்லை. வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

பதில்: ஊட்ட வேண்டாம். அன்று அது சாப்பிடாமல் இருந்ததே நல்லதாயிற்று. இந்தப் பிராணிகளை மீட்டுக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, அன்பினால் செய்யும் தவறு, இதுதான். நம்மைப் போல உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் திறன் ஊர்வனவற்றுக்குக் கிடையாது. வெளியிலிருந்து போதிய சூடு கிடைக்காவிட்டால் குடல் இயங்காது, உள்ளே போன உணவு செரிக்காமல் அழுகத் தொடங்கும். அதோடு, நெடுநாள் பட்டினியில் மெலிந்த உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்திலுள்ள பாஸ்பரசும் பொட்டாசியமும் சட்டென்று சரிந்து, உணவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே முதலில் சூடும் ஒளியும், அடுத்து நீர், மூன்றாவதாகத்தான் உணவு.

இந்த இனம் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. அந்த வெயிலுக்குப் பழகிய உடல் என்பதால், தொட்டியின் ஒரு முனையில் அது காயும் இடத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். மறுமுனை 24 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால்தான் வேண்டும்போது போய்க் குளிர்ந்துகொள்ள முடியும். சுவரில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள். நுனியில் உணர்கம்பி உள்ள டிஜிட்டல் வெப்பமானியைக் காயும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள். சிவப்பு பல்பை இன்றே கழற்றிவிடுங்கள். இரவில் அதற்கு இருட்டுதான் வேண்டும். அறை 18 டிகிரிக்குக் கீழே இறங்காத வரையில் தனியாகச் சூடேற்றத் தேவையில்லை. மின்சாரத்தால் சூடாகும் செயற்கைப் பாறைகளும் வேண்டாம், வயிறு வெந்துபோகும். மணலுக்குப் பதிலாகச் சாதாரணத் தாளை விரித்துவிடுங்கள். பலவீனமான பிராணி மணலை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளக்கூடும் என்பது ஒரு காரணம், கழிவைத் தெளிவாகப் பார்க்க முடியும் என்பது இன்னொன்று.

தாடை ரப்பராகிப் போனதற்குக் காரணம் ஒளிதான். சூரிய ஒளியிலுள்ள யுவிபி என்னும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகிறது. அது இல்லாவிட்டால் தின்பதிலுள்ள கால்சியத்தைக் குடலால் போதிய அளவு உறிஞ்ச முடியாது. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி உடலின் எலும்பிலிருந்தே அதை எடுத்து ஈடுகட்டுகிறது. மீல்வார்மில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியிருக்கும். குழல் வடிவ யுவிபி விளக்கு ஒன்றைத் தொட்டியின் நீளத்தில் பாதிக்கு மேல் வருமாறு பொருத்தி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது; இரண்டும் அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயிலால் பயனில்லை என்பதும் இதனால்தான். கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்தாலும் இந்த விளக்கின் யுவிபி ஆற்றல் குறைந்துகொண்டே வரும் என்பதால், தயாரிப்பைப் பொறுத்து ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் மாற்றிவிட வேண்டும்.

நீர் விஷயத்தில் கழிவைப் பாருங்கள். பழுப்பு நிற மலத்தோடு வெள்ளையாக ஒரு பகுதி வரும். அதுதான் அதன் சிறுநீர். உங்களுடையதற்கு இப்போது அது ஆரஞ்சு நிறத்தில், சுண்ணாம்புக் கட்டி போல இறுகி வரக்கூடும். நாக்கை நீட்டும்போது எச்சில் நூலாக இழுபட்டாலும் நீர் வற்றியிருக்கிறது என்றே பொருள். மூக்கு நுனியில் துளித் துளியாகத் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் நக்கிக் குடிக்கும். குடிக்காவிட்டால் மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவார். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய ஒருவரிடம் இந்த வாரத்துக்குள்ளேயே கொண்டுபோங்கள். எக்ஸ்ரே, இரத்தக் கால்சியம், மலப் பரிசோதனை மூன்றும் தேவை. விரல்களில் துடிப்போ உடலில் நடுக்கமோ தெரிந்தால் அன்றே போக வேண்டும். கால்சியம் மருந்தின் அளவை அவரே தீர்மானிக்கட்டும். தோலில் உருவாகும் டி3 அளவுக்கு மிஞ்சாது. வாய்வழி கொடுப்பது மிஞ்சினால் உள்ளுறுப்புகளில் கால்சியம் படிந்துவிடும். ஒருவேளை பெண்ணாக இருந்தால், ஆண் துணையின்றியே முட்டையிடும் என்பதையும் அதற்கும் எலும்பிலுள்ள கால்சியமே செலவாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உணவை மருத்துவர் சொல்லும் அளவில், வழக்கமான தேவையில் கால் பங்கிலிருந்து தொடங்கிச் சில நாட்களில் மெல்லக் கூட்டுங்கள். கால்சியம் இயல்பாகவே நிறைந்த பிளாக் சோல்ஜர் ஈயின் புழு தொடக்கத்துக்கு மிக நல்லது. எந்தப் பூச்சியானாலும் உங்கள் ஓணானின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. தாடை மென்மையாக இருப்பதால் கடினமான ஓடுள்ள பூச்சிகளை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். மின்மினிப் பூச்சி ஒன்றே கொல்லப் போதும், அவகாடோவும் நஞ்சு. வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். நன்கு வளர்ந்த ஒன்று பொதுவாக 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். அந்த எண்ணை ஒரே மாதத்தில் தொட்டுவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

கேள்வி: நான் மீட்டுக்கொண்டுவந்த தாடி ஓணானுக்கு முன்னங்கால் வளைந்திருக்கிறது. இரண்டு விரல்களில் பழைய தோல் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் வெந்நீரில் ஊறவைத்தால் இரண்டும் சரியாகுமா?

பதில்: கால் நிமிராது. சிகிச்சையால் எலும்பு மீண்டும் உறுதிப்படும், தாடையும் சில மாதங்களில் இறுகும். ஆனால் வளைந்தபடி இறுகிய எலும்பு அப்படியே நின்றுவிடும். அதனால் அது வலியோடு வாழ்கிறது என்று எண்ண வேண்டாம். ஏறும் கட்டைகளைத் தாழ்வாக வைத்து, விழுந்தாலும் அடிபடாதபடி பார்த்துக்கொண்டால் வளைந்த காலோடு பல ஆண்டுகள் நன்றாகவே நடமாடும்.

விரல்களைத்தான் கவனிக்க வேண்டும். உரியாத தோல் ஒவ்வொரு முறையும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, காய்ந்து, விரலைச் சுற்றி நூல் கட்டியது போல இறுக்கும். என்னிடம் வந்த ஒன்றின் பின்னங்கால் விரலில் அப்படிச் சாம்பல் நிறத்தில் நான்கு வளையங்கள் இருந்தன; மேலிரண்டை நனைத்து நீக்கிய பிறகுதான் அடியில் விரல் வீங்கிச் சிவந்திருப்பதே தெரிந்தது. வெதுவெதுப்பான நீரில், ஓணானின் முழங்கை மூழ்கும் அளவுக்கு மட்டும், பத்து பதினைந்து நிமிடம் நிற்கவிட்டு, பின்னர் ஈரப் பஞ்சுக்குச்சியால் விரலின் அடியிலிருந்து நுனி நோக்கித் தேயுங்கள். வராததைப் பிய்க்காதீர்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். நுனி கறுத்துக் காய்ந்துவிட்டிருந்தால் அந்தப் பகுதி இறந்துவிட்டது. மருத்துவர்தான் எடுக்க வேண்டும். குளியல் நீரை இந்தப் பிராணிகள் பின்புறத் துளை வழியாகக் குடித்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். வாயால் குடித்தால்தான் உண்டு. ஆகவே நீர்ச்சத்துக்காகக் குளியலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி அவற்றின் குடலில் சாதாரணமாக இருக்கும்.

கேள்வி: எங்கள் தாடி ஓணான் வந்த புதிதில் கையில் எடுத்தால் அசையாமல் கிடந்தது, எவ்வளவு சாதுவான பிராணி என்று மகிழ்ந்தோம். இரண்டு மாதச் சிகிச்சைக்குப் பிறகு இப்போது தாடியைக் கறுப்பாக உப்பவைத்து, வாயைப் பிளந்து மிரட்டுகிறது. எங்களை வெறுக்கிறதா? துணைக்கு இன்னொன்று வாங்கிவிட்டால் சரியாகுமா?

பதில்: முதலில் கண்டது சாதுத்தனம் அல்ல, எதிர்க்கவும் திராணியில்லாத நிலை. தாடியை உப்பவைக்கத் தெம்பு வேண்டும். அது இப்போது வந்திருக்கிறது என்று மகிழுங்கள். துணை வேண்டவே வேண்டாம். இவை தனித்து வாழ்பவை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் பாசம் என்று எண்ணிவிடுகிறார்கள், உண்மையில் வெயில் காயும் இடத்துக்கான போட்டி அது. அதன் உச்சந்தலையில் நிழலை உணரும் சிறிய மூன்றாம் கண் ஒன்று உண்டு. மேலிருந்து இறங்கும் கையை அது பருந்தின் நிழலாகவே எடுத்துக்கொள்ளும். எனவே பக்கவாட்டிலிருந்து, அதன் பார்வை படும்படி கையைத் தாழ்வாகக் கொண்டுபோய், உள்ளங்கையில் ஒரு புழுவை வைத்துக்கொண்டு காத்திருங்கள். தானாக ஏறி வரும் வரை தூக்காதீர்கள். சில வாரங்கள் ஆகலாம்.