நூலகப் படத்தின் ஆண்டு 1953 ஆக இருக்காது

உங்கள் அப்பப்பாவின் ஆல்பத்தில் இருந்த யாழ்ப்பாணப் பொது நூலகப் படம் எந்த ஆண்டு எடுத்தது என்று கேட்டிருந்தீர்கள். அதன் பின்பக்கம் '1953' என்று எழுதியிருந்தாலும் அது தவறு, ஏனென்றால் அந்த நூலகத்துக்கு அடிக்கல் வைத்ததே 1954இல், திறந்தது 1959இல். படத்தில் கட்டடத்தின் குவிமாடம் முழுதாகத் தெரிகிறது என்கிறீர்களே, அடிக்கல்லே வைக்காத 1953இல் அது எப்படி இருந்திருக்கும்?

பல வருடம் கழித்து வீட்டில் யாரோ நினைவில் இருந்து எழுதியிருப்பார்கள்.

படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்து, முன்னால் நிற்கும் காரின் இலக்கத் தகட்டைப் பாருங்கள். சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருந்தால் 1956க்கு முந்தியது இல்லை. அது இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வரவேண்டாம்: பழைய வாகனங்கள் ஆங்கில எழுத்துத் தகட்டோடேயே பல காலம் ஓடின, அப்புறம் தகட்டில் சிங்கள ஸ்ரீ போடுவதைத் தமிழர்கள் எதிர்த்த ஸ்ரீ எதிர்ப்பு நடந்தபோது அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள், தமிழ் ஸ்ரீயும் எழுதினார்கள்.

தாள் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக இருந்தால், அது பெரும்பாலும் 1970களிலோ பிறகோ போட்ட பிரதி. படம் எடுத்த காலம் வேறு.

நூலகம் 1981இல் எரிவதற்கு முந்தைய படம் என்றால் அது பெரிய சொத்து. தயவுசெய்து பின்பக்க எழுத்தை அழிக்காதீர்கள், திருத்தத்தைத் தனித் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.