பழைய லயனல் எஞ்சின் ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது?

கேள்வி: என்னிடம் 1950களில் வந்த லயனல் கம்பெனியின் பொம்மை ரயில் எஞ்சின் இருக்கிறது. பார்க்க நீராவி எஞ்சின் போல இருக்கும், ஓடுவது மின்சாரத்தில், மூன்று தண்டவாள வகை. கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், அப்புறம் தயங்கும், சில நேரம் நின்றே விடும். தண்டவாளத்தைத் துடைத்துவிட்டேன். மோட்டாருக்கு எண்ணெயும் தாராளமாக விட்டேன். மோட்டாரை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தக் கால மோட்டார்கள் எளிதில் சாவதில்லை. எஞ்சின் எப்போது தயங்குகிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தயங்கினால் கோளாறு தண்டவாளத்தில். இணைப்பு ஊசிகள் தளர்ந்தோ துருப்பிடித்தோ இருக்கும். ட்ரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்ப்புறம் போகும்போது மட்டும் வேகம் குறைந்தால், அந்தப் பக்கத்துக்கும் தனியாக இரண்டு ஒயர் இழுத்துக் கொடுங்கள், போதும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு ஒரு முறை இழுத்தாற்போல் இருந்தால், சக்கரங்களை இணைக்கும் பக்கக் கம்பி வளைந்திருக்கும் அல்லது கியரின் பல் உடைந்திருக்கும்.

நின்றுவிடும்போது முன்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விளக்கும் அணைந்தால், மின்சாரமே வந்து சேரவில்லை. நடுத் தண்டவாளத்தில் உருண்டு மின்சாரத்தை எடுக்கும் ரோலர்களையும் சக்கரங்களின் விளிம்பையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். விளக்கு எரிந்துகொண்டே எஞ்சின் மட்டும் நின்றால், ஈ-யூனிட்டைச் சந்தேகிக்கலாம். முன்னோக்கி, நடுநிலை, பின்னோக்கி என்று திசை மாற்றித் தரும் பாகம் அது. மின்சாரம் ஒரு கணம் விட்டு வந்தாலே அடுத்த நிலைக்குத் தாவிவிடும். அது நடுநிலையில் விழுந்தால் எஞ்சின் அசையாது. எஞ்சின் முன்னோக்கி ஓடும்போது அதன் சிறு நெம்புகோலைத் தள்ளிப் பூட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நிற்பது நின்றுபோனால் மோட்டார்மேல் பழி இல்லை.

அப்படியும் தயங்கினால் எஞ்சினைத் துணிமேல் மல்லாக்கப் போட்டு, ஒரு ஒயரை ரோலரிலும் மற்றொன்றை உலோகச் சட்டத்திலும் மாட்டி ஓட்டுங்கள். வோல்டேஜ் குறைவாகவே இருக்கட்டும், சுமை இல்லாதபோது இந்த மோட்டார் கட்டுக்கடங்காமல் சுழலும். மல்லாக்கவும் தயங்கினால்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

எண்ணெய் தாராளமாக விட்டதாகச் சொல்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிரஷ்களை (மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் தரும் கார்பன் துண்டுகள்) தாங்கும் தட்டைக் கழற்றுங்கள். உள்ளே பிரஷ்கள் உரசும் கம்யூட்டேட்டர் மூன்று செப்புத் துண்டுகளாக இருக்கும். எண்ணெயும் கார்பன் தூளும் குழைந்து, துண்டுகளுக்கு நடுவில் உள்ள பிளவுகளைக் கரிய பசையாக அடைத்திருக்கும். மின்சாரம் அதன் வழியே குறுக்கே கசிவதால் மோட்டார் தள்ளாடுகிறது. பல்குத்தும் மரக்குச்சியால் அந்தப் பிளவுகளைச் சுரண்டி எடுங்கள். செப்பு பளிச்சென்று தெரியும்வரை ஆல்கஹாலால் துடையுங்கள். எஃகு நார் வேண்டவே வேண்டாம், அதன் துகள்கள் மோட்டாரில் ஒட்டி ஷார்ட் ஆக்கிவிடும். பிரஷ்கள் குழியில் தடையின்றி ஏறி இறங்க வேண்டும். தேய்ந்து குட்டையாகியிருந்தால் ஸ்பிரிங்கோடு சேர்த்து மாற்றுங்கள், விலை சொற்பம்.

பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தால் வழித்தெடுத்துவிட்டு, கியருக்குப் புதிதாகக் கொஞ்சம் தடவுங்கள். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச் சுருள் பாகம்) தண்டின் இரு முனைக்கும் ஊசி முனையால் ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான்.



இத்தனைக்கும் மசியவில்லை என்றால் மல்டிமீட்டரால் மூன்று செப்புத் துண்டுகளையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஏதாவது விலகி நின்றால் சுருளில் கோளாறு. அப்போதும் மோட்டாரைத் தூக்கிப் போடாதீர்கள். ஆர்மேச்சரை மட்டும் மாற்றலாம், புதிதாகக் கம்பி சுற்றியும் வாங்கலாம்.