வெள்ளத்தில் செல்போன் செத்துவிட்டால் அபார்ட்மென்டுக்குள் பேச எந்த வாக்கி டாக்கி வாங்கலாம்? எப்படி அமைப்பது?

சென்னை வேளச்சேரி, ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளப் பார்க்கிங்) மேல் 5 மாடி, 3 பிளாக், ஒரே கேட் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

2015 டிசம்பரில் சென்னையின் பல பகுதிகளில் கரண்ட் போன பிறகு செல்போன் டவர்களும் ஒவ்வொன்றாக அடங்கின. ஐந்தாம் மாடியில் இருப்பவருக்குக் கேட்டில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றுகூடத் தெரியாது. வாக்கி டாக்கி தீர்ப்பது அந்தச் சிக்கலைத்தான். வளாகத்துக்குள் பேசிக்கொள்ளலாம், அவ்வளவே. தீயணைப்புத் துறையையோ வெளியூர்ச் சொந்தங்களையோ அதில் பிடிக்க முடியாது. அசோசியேஷன் கூட்டத்தில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாததை நம்பி யாரும் காத்திருக்கக் கூடாது.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய கைக்கருவிகள் 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. 2018-இல் வந்த விதி இது. அரை வாட் சக்தி, கழற்ற முடியாத ஆன்டெனா, இவைதான் அந்த வகையின் அடையாளம். மலிவாகக் கிடைக்கும் 5 வாட் செட்கள், உதாரணமாக பாவோஃபெங் யுவி-5ஆர், 136 முதல் 174 வரையும் 400-க்கு மேலும் எங்கு வேண்டுமானாலும் பேசும். அதனாலேயே உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டப்படி தவறு. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வாங்கி வரும் ஜோடி செட்களும் வேண்டாம். அவை 462, 467 மெகா ஹெர்ட்ஸில் பேசுபவை, இங்கே அது வேறு சேவைகளுக்கான இடம். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அலைவரிசையும் கருவி வகை ஒப்புதலும் (அந்த மாடலுக்கு அரசு தரும் அனுமதி) விற்பனைப் பக்கத்தில் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தச் செட்டை வாங்காதீர்கள்.

அரை வாட் போதுமா என்று உடனே கேட்பார்கள். உங்கள் வளாகத்துக்குப் போதும். 5 வாட் என்பது பத்து மடங்கு சக்தி என்றாலும் ஒன்றிரண்டு கான்கிரீட் தளங்களே அந்த லாபத்தைத் தின்றுவிடும். பெட்டியில் "8 கிலோமீட்டர்" என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. கட்டடங்களுக்கு நடுவே சில நூறு மீட்டர் கிடைத்தால் நல்லது. சக்தியைவிட நிற்கும் இடம்தான் முக்கியம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் நிற்பவருக்குக் கேட்பது, வீட்டின் நடு அறையில் இருப்பவருக்குக் கேட்காது.

எண்ணிக்கை 6. பிளாக்குக்கு ஒன்று (மேல் மாடியில் இருப்பவர் கையில்), கேட் செக்யூரிட்டிக்கு ஒன்று, ஜெனரேட்டரும் மோட்டார் ரூமும் பார்ப்பவருக்கு ஒன்று, உபரி ஒன்று. ஆறும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். ஒன்றின் பேட்டரி இன்னொன்றில் பொருந்த வேண்டும் என்பதற்காகத்தான். யுஎஸ்பி டைப் சி வழியாக நேரடியாகச் சார்ஜ் ஏறும் மாடலைத் தேடுங்கள். சார்ஜிங் தொட்டி (செட்டைச் செருகி வைக்கும் ஸ்டாண்ட்) மட்டும் உள்ளதென்றால், அந்தத் தொட்டி பவர் பேங்கில் இயங்குமா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள். கரண்ட் இல்லாத நேரத்துக்காக வாங்கும் கருவிக்குச் சுவர் பிளக் மட்டுமே வழி என்றால் பயனில்லை. 1500 எம்ஏஹெச், 3.7 வோல்ட் பேட்டரி சுமார் 5.5 வாட் மணி. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 74 வாட் மணி. சேதாரம் போக ஏழெட்டுத் தடவை ஏற்றலாம். அப்படிப்பட்ட பவர் பேங்க் இரண்டு போதும், ஆனால் அவை வாக்கி டாக்கிக்கே என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

தண்ணீர் தாங்கும் தரம்: ஐபி54 என்றால் சாரல் வரை. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். கேட்டிலும் மோட்டார் ரூமிலும் நிற்பவர்களை மனதில் வைத்து, முடிந்தால் ஆறையுமே 67 தரத்தில் வாங்குங்கள். சார்ஜிங் துளையின் ரப்பர் மூடி சரியாக அழுந்தவில்லை என்றால் எந்தத் தரமும் செல்லாது. நனைந்த செட்டைத் துடைத்து நன்கு உலர வைக்காமல் சார்ஜ் போடாதீர்கள்.

இனி அமைப்பது. பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்.

446.0 முதல் 446.2 வரையிலான இந்த அலைவரிசைப் பட்டையில் முதல் சேனல் 446.00625, எட்டாவது 446.09375, இடைவெளி 12.5 கிலோ ஹெர்ட்ஸ். பிரதான சேனல் ஒன்று, மாற்றுச் சேனல் ஒன்று என்று முடிவு செய்து, பக்கத்துக் கடையோ கல்யாண மண்டபமோ அதில் பேசுகிறதா என்று ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். "பிரைவசி கோடு" என்று வரும் டோன் (பேச்சோடு சேர்ந்து போகும் ஒலிக்குறி), பேச்சை ரகசியமாக்காது. அந்த டோன் இல்லாத குரல்களை உங்கள் செட்டில் ஊமையாக்கும், அவ்வளவுதான். ஒரு செட்டில் டோன் இருந்து மற்றதில் இல்லாமல் போனால், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும், பதில் மட்டும் காதில் விழாது. "செட் பழுது" என்று தோன்றுவது இந்தக் கோளாறாகவே இருக்கலாம். அவசரத்துக்கான செட்களில் டோனை அணைத்தே வையுங்கள்.

குரலுக்குத் தானாக இயங்கும் வாக்ஸையும் அணையுங்கள். மழைச் சத்தமே அதைத் தட்டி எழுப்பி, சேனலை மற்றவர்களுக்கு அடைத்துவிடும். ஒரே மூச்சில் பேசும் நேரத்தைச் செட்டின் அமைப்பில் 60 நொடிக்கு வரையறுங்கள். பையில் பட்டன் அழுந்தி மணிக்கணக்கில் சேனல் மாட்டிக்கொள்வதை அது தடுக்கும். கடைசியாக விசைப்பூட்டை (கீ லாக்) போடுங்கள். யாராவது தெரியாமல் சேனலை மாற்றிவிட்டால் அவர் எங்கே போனார் என்று தேட வேண்டியிருக்கும்.

அமைத்ததும் நடந்து சோதியுங்கள். ஒருவர் நடு பிளாக் மொட்டை மாடியில் நிற்கட்டும். இன்னொருவர் ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பம், மோட்டார் ரூம், லிஃப்ட் முன்பக்கம், ஸ்டில்ட்டின் பின்மூலை என்று போய் நின்று கூப்பிட வேண்டும். தெளிவு, கரகரப்பு, கேட்கவில்லை என மூன்றே குறிகளில் வளாக வரைபடத்தில் குறியுங்கள். கேட்காத இடங்களுக்கு இடையில் நின்று செய்தியைக் கடத்த ஆள் யார் என்றும் அப்போதே தீர்மானியுங்கள். ரிப்பீட்டர் (குரலை வாங்கித் தானே மறு ஒலிபரப்புச் செய்யும் கருவி) வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். உரிமமற்ற பட்டையில் அது ஆகாது. பெரிய வளாகம் என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் முறையாக விண்ணப்பித்து அலைவரிசை பெறுவதே வழி.

பேசும் முறைக்கு ஒரு மணி நேரப் பயிற்சி போதும். பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேச வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் அறுபடும். "தண்ணீர் ஏறவில்லை" என்பதில் எந்தச் சொல் அறுந்தாலும் ஆபத்து, அதனால் முக்கியமான செய்தியைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். மைக் வாயிலிருந்து மூன்று விரல் தூரம், ஆன்டெனா செங்குத்தாக. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் பெரும்பாலும் இருவர் குரலும் மற்றவர்களுக்குத் தெளிவாகக் கேட்காது. ஆகவே ஒருவர் மட்டும் நடத்துநராக இருந்து பெயர் சொல்லி அழைக்கட்டும். நேரம், செய்தி, யார் சொன்னது என்று அவர் நோட்டில் எழுதட்டும். அபாயம் குறைந்த பிறகு ஒவ்வொரு மணியின் முதல் 5 நிமிடம் மட்டும் எல்லாரும் செட்டைப் போட்டால் பேட்டரி நாள்கணக்கில் வரும். கேட் செட் மட்டும் அணையக் கூடாது.

லித்தியம் பேட்டரியை ஆண்டு முழுவதும் முழுச் சார்ஜில் வைத்தால் சீக்கிரம் தேயும். பாதியளவில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, அக்டோபர் தொடக்கத்தில் நிரப்பி, டிசம்பர் முடியும் வரை நிரப்பியே வையுங்கள்.

வெளியுலகத் தொடர்பு வேண்டுமென்றால் வளாகத்தில் ஒருவராவது ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் எடுக்க வேண்டும். தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர் 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸில் நகரத்தின் மற்ற ஹாம்களை எட்டலாம். 2004 சுனாமியில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் போன்ற ஹாம்கள்தான் மக்களின் நலச் செய்திகளைக் கரைக்குக் கடத்தினார்கள். படிக்கிற பிள்ளைகளும் எழுதலாம், 12 வயது நிரம்பியிருந்தால் போதும். உங்கள் மூன்று பிளாக்கிலும் அப்படி ஒருவராவது இருப்பார், கேட்டுப் பாருங்கள்.